ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்

ஞானப்பாட்டின் மூன்றாம் சரணம் நடந்துகொண்டிருந்தபோது, சவப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கோழிக்குஞ்சு வெளியே வந்தது. குஞ்சு என்பது பழக்கத்தில் சொல்வதுதான். ஒன்பது வாரத்து வெடைக்கோழி அது. பழுப்பு நிறம், கழுத்தில் இறகு இன்னும் சரியாக மூடவில்லை. முற்றத்தில் நின்ற இருபது ஜோடிக் கறுப்பு ஷூக்களுக்கு நடுவே பயமில்லாமல் நடந்துபோய், போதகரின் ஷூ நாடாவைக் கொத்திப் பார்த்தது.

இங்வால்ட் பாடுவதை நிறுத்தினார். பாடிக்கொண்டிருந்தார் என்றும் சொல்ல முடியாது, வாயைத்தான் அசைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயதாகியும் அவருடைய குரலைக் கேட்டவர்கள் தீவில் குறைவு. பெட்டிக்குள் படுத்திருந்த அக்கா ஹால்டிஸ், “ஊமை ஊரைக் கெடுக்கும்” என்று அவரைக் கிண்டல் செய்வாள். இன்றைக்கு ஊமை கெடுத்தது ஊரை அல்ல. கோழிக்கொட்டகையைத் திறந்துவிட்டிருந்தார்.

இறந்தவரை எடுக்கும்போது வீட்டில் எந்தக் கதவும் மூடியிருக்கக் கூடாது என்பது அந்தத் தீவின் வழக்கம். போகிற உயிர் மூடிய கதவில் முட்டிக்கொண்டு நின்றுவிடுமாம். அப்பாவை எடுத்தபோதும் அம்மாவை எடுத்தபோதும் ஹால்டிஸ்தான் ஓடி ஓடித் திறந்தாள். இன்று அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. முன்வாசல், பின்வாசல், நிலவறை, விறகுக் கொட்டகை, படகுக் கொட்டகை, பத்து வருடமாக ஆடே இல்லாத ஆட்டுப்பட்டி. வரிசையாகத் திறந்துகொண்டு போன கை கோழிக்கொட்டகையையும் திறந்துவிட்டது. புத்தி அப்போது அவரிடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா கடைசியாகப் பேசியதே அந்தக் கதவைப் பற்றித்தான். குஞ்சுகளை வீட்டுக்குள்ளிருந்து கொட்டகைக்கு மாற்றி அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தலையணையில் சாய்ந்து, மூச்சை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் திறக்காதடா. ஏழு நாள் உள்ளயே கெடந்தாத்தான் இதுதான் வீடுன்னு அதுங்களுக்குப் புரியும். அதுக்கு முன்னாடி விட்டே, ராத்திரி ஒண்ணுகூட உள்ள வராது.”

“சரி.”

“சரின்னா? சொல்லு பாப்போம், என்னிக்கு?”

“ஞாயித்துக்கிழமை.”

அதற்குப் பிறகு அவள் தூங்கினாள். புதன்கிழமை விடியும்போது இல்லை. இன்று வியாழன். நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த அக்கா, போகும்போது ஒரே ஒரு காரியம் சொல்லிவிட்டுப் போனாள். அதை இரண்டு நாள்கூட இங்வால்டால் காப்பாற்ற முடியவில்லை.

போன இலையுதிர் காலத்தில்தான் மிங்க் வந்தது. தீவில் நரி கிடையாது. ஆனால் கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும் இந்தப் பிராணி கல்லிடுக்கெல்லாம் உண்டு. ஒரே ராத்திரியில் பதினொரு கோழி. தின்றது ஒன்றை, கொன்றது பதினொன்றை. அக்கா சின்னப் பிள்ளை மாதிரி அழுததை அவர் வாழ்நாளில் அன்று ஒருநாள்தான் பார்த்தார். மார்ச்சில் டாக்டர் கையை விரித்துவிட்டுப் போன வாரமே, அவள் மறுகரைக்குப் போன் போட்டு ஒன்பது குஞ்சுக்குச் சொல்லிவிட்டாள். யார் பார்த்துக்கொள்வது என்று அவர் கோபப்பட்டார். “நீதான்” என்றாள். எனக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டதற்கு, “உனக்கு முட்டை வேணாமா?” என்று கேட்டுவிட்டுத் தீனிச்சட்டியைத் தேடப் போய்விட்டாள்.

பாட்டுக்கு ஏழு சரணம். தீவில் எவரையும் முழுப்பாட்டும் பாடித்தான் அனுப்புவார்கள். ஒரு சரணம் குறைந்தால் இறந்தவரின் வீட்டாரைக் குறைத்ததாகும். நாலாவது சரணத்தில் இங்வால்ட் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினார். இரண்டு குஞ்சு கல்சுவரில். மூன்று கிணற்றடியில். மற்றவை கண்ணில் படவில்லை. அக்காவின் முகத்தை இனிமேல் பார்க்க முடியாது என்பதை நினைக்க வேண்டிய நேரத்தில் கோழியை எண்ணிக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே எண்ணினார்.

படகுத்துறை வரை எல்லோரும் நடந்தார்கள். பெட்டியை ஏற்றிய கார் ஃபெரிக்குள் போயிற்று. அடுத்த புதன்கிழமை அடக்கம் நடக்கும்வரை பெட்டி மறுகரைத் தேவாலயத்தில் இருக்கும். தம்பி மகள் ஊன்னி கூடப் போகிறாள். நாற்பது வயதுக்காரி, டிரோண்ட்ஹெய்மில் வேலை. தம்பி போனபின் மிச்சமிருக்கும் ஒரே சொந்தம். அவள் இங்வால்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியப்பா, நீங்களும் ஏறுங்க. அடக்கம் முடியற வரைக்கும் என்கூட ஹோட்டல்ல இருக்கலாம். அந்த வீட்ல தனியா எதுக்கு?”

“கோழி இருக்கு.”

“கோழியா?” ஊன்னி அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.

ஃபெரி கலங்கரைவிளக்க முனையைத் தாண்டி மறையும்வரை வீட்டு மனிதர்கள் துறையில் நிற்க வேண்டும். மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்பார்கள். இதற்கு இருபது நிமிடம் ஆகும்; மழையோ பனியோ, யாரும் அசைய மாட்டார்கள். ஃபெரி அணைச்சுவரைத் தாண்டியதுமே இங்வால்ட் திரும்பினார். கூட்டத்தின் நடுவே வழி கேட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி, மேட்டுப்பாதையில் வேகமாக நடந்தார். முதுகுக்குப் பின்னால் பேச்சு எழவில்லை. அதுவே போதும், நாளைக்குக் கடைவாசலில் எழும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

ஓடி வந்தும் பிரயோஜனம் இல்லை. வீட்டில் காப்பிக்கு மேசை போட்டிருந்தார்கள். இறால் வைத்த ரொட்டித்துண்டு, பழுப்புச் சீஸ், வாஃபிள், மூன்று கேக். வீட்டுக்காரர் உட்காராமல் யாரும் கையை வைக்க மாட்டார்கள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். ஹால்டிஸ் எப்படிப்பட்டவள் என்று ஆளாளுக்கு அவருக்குச் சொன்னார்கள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். துக்கத்தில் இருக்கிறார் என்று ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். நாலு கோப்பை காப்பி உள்ளே போயிற்று.

எல்லோரும் கிளம்பியபின் பாத்திரம் கழுவ யோருன் மட்டும் நின்றாள். எதிர்ப்பண்ணைக்காரி, ஹால்டிஸுக்குப் பள்ளிக்கூடத் தோழி. கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

“குஞ்சுங்க வெளிய நிக்குதே. ஞாயித்துக்கிழமைதானே விடணும்னு அவ சொன்னா?”

இங்வால்ட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நான்தான் மறந்து திறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யோருன் ஒன்றும் நினைக்க மாட்டாள். ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, கால்மணியில் ஒன்பதையும் பிடித்துப் போட்டுவிடுவாள்.

“இன்னிக்கே திறந்து விடச் சொல்லிட்டா” என்றார்.

“ஹால்டிஸா?”

“ஆமா. கடைசியா.”

யோருன் அவரையே பார்த்தாள். துணியை அடுப்புக் கம்பியில் காயப்போட்டாள்.

“அப்ப சரி. ஆனா மிங்க் இருக்கு, இங்வால்ட். ராத்திரி அதுங்க வெளிய கெடந்தா காலைல இறகுதான் பொறுக்கணும். நான் வேணா என் கோழிங்களோட கொண்டுபோய் அடைச்சுக்கறேனே. உனக்கும் எதுக்கு இந்தத் தொல்லை.”

வேண்டாம், தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ராத்திரி வரவும் வேண்டாம் என்றார். அவள் படியிறங்கிப் போனாள். பேச முடியாத அக்கா மேல் பொய் சொல்லியாயிற்று. அவள் மறுக்க மாட்டாள் என்ற தைரியம். இங்வால்டுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

எட்டு மணிக்கு வேலையை ஆரம்பித்தார். மற்ற ஊரில் இருட்டினால் கோழி தானாக வீட்டைத் தேடும். இங்கே ஜூன் மாதத்தில் இருட்டு என்பதே கிடையாது. சூரியன் கடலுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நின்றுகொண்டு சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. குஞ்சுகளுக்கு அது இன்னும் மத்தியானம்தான்.

கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் தீனி டப்பாவைக் குலுக்கினார். வந்தன. பந்திக்கு முந்துகிற விருந்தாளிகள் மாதிரி அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடி வந்து, கொட்டகை வாசலில் இறைத்ததையெல்லாம் தின்றுவிட்டு, வாசலுக்குள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. உள்ளே இருட்டாக இருந்தது. திரும்பி நடந்துவிட்டன.

கூப்பிட்டுப் பார்த்தார். அக்கா கூப்பிடுவது போல “டிப்பா, டிப்பா” என்றார். அவருடைய குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. குஞ்சுகள் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தன. துரத்தினார். மூன்று குஞ்சு முற்றத்து ரோவன் மரத்தில் ஏறின. இரண்டு ருபார்ப் செடியின் அகல இலைகளுக்குள் புகுந்தன. ஒன்று கவிழ்த்துப் போட்ட சின்னப்படகின் அடியில் போயிற்று. எழுபத்தொரு வயது முழங்கால் கல்சுவரில் இடித்து, சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் வலையை நினைத்தார். ஐம்பது வருடம் கடலில் இருந்த மனுஷன். கூட்டமாகப் போகிற எதையும் வளைக்கத் தெரியும். படகுக் கொட்டகையிலிருந்து பழைய ஹெர்ரிங் மீன் வலையை எடுத்து வந்து, சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவே கட்டி, மறுபக்கத்திலிருந்து மெதுவாக ஓட்டினார். மீனாக இருந்திருந்தால் ஒன்றுகூடத் தப்பியிருக்காது. கோழிக்கு இறக்கை இருப்பதை மறந்துவிட்டார். எட்டு மேலே பறந்தன. ஒன்று வலையில் தலையைக் கொடுத்துச் சிக்கி, உடம்பெல்லாம் அடித்துக்கொண்டு கத்தியது. இன்னும் கொஞ்சம் விட்டால் கழுத்து இறுகிவிடும். பேனாக்கத்தியால் வலையை அறுத்தார். அவர் கையால் பின்னிய வலை. ஒரு கண்ணி பிய்ந்தாலும் அன்றைக்கே முடிச்சுப் போடுகிறவர், முழங்கை நீளம் அறுத்தெறிந்தார். விடுபட்ட குஞ்சு அவர் கட்டைவிரலை ரத்தம் வரக் கொத்திவிட்டு ஓடிற்று.

ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. கல்திட்டின் பக்கம் கடற்பறவை ஒன்று ஓயாமல் கத்தியது. மிங்க் நடமாடும்போது அது அப்படித்தான் கத்தும்.

உள்ளே இருட்டாக இருப்பதால்தான் பயப்படுகின்றன என்று தோன்றி, புயல்விளக்கை ஏற்றிக்கொண்டு குனிந்து கொட்டகைக்குள் போனார். ஆணியில் மாட்டினார். கதவுக்குப் பின்னால், கோழிகள் உட்காரும் கழிகளுக்குக் கீழே, வைக்கோல் மெத்தென்று இருந்தது. ஒரு நிமிடம் என்று உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எழுந்திருக்க முடியவில்லை. நேற்று விடியற்காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை. மேசையிலும் சுவரோரத்திலும் உட்கார்ந்ததெல்லாம் கணக்கில் சேராது. அழுகை வந்தது. துடைக்கவில்லை.

“அக்கா, திறந்துட்டேன்” என்றார். “மறந்துட்டேன். உன்னைத் தூக்கறாங்கன்னு எல்லாக் கதவையும் திறந்தேன். அதோட இதையும் திறந்துட்டேன்.”

சொன்னதும் கொஞ்சம் மூச்சு வந்தது. மேலும் சொன்னார். யோருனிடம் பொய் சொன்னதைச் சொன்னார். முனை தாண்டும்வரை துறையில் நிற்காமல் வந்ததைச் சொன்னார். போதகருக்கு ஜலதோஷம் என்றும், ஏழாம் சரணத்தில் எல்லோரும் ஆளுக்கொரு சுருதியில் போனார்கள் என்றும், இறால் ரொட்டி மிச்சமாகிவிட்டது என்றும் சொன்னார். குரல் தாழ்ந்து, ஒரே சீராக வந்தது.

வாசலில் ஒரு நிழல் விழுந்தது. பழுப்புக் குஞ்சு. கழுத்தை நீட்டி, அவரைப் பார்க்காமல் விளக்கையும் பார்க்காமல், காதைக் கொடுத்து நின்றது. பேச்சை நிறுத்தினார். குஞ்சு பின்வாங்கியது. மறுபடி பேசினார். உள்ளே வந்தது.

அப்போது அவருக்குப் புரிந்தது. ஏப்ரல் முழுக்க, மே முழுக்க, இந்தக் குஞ்சுகள் துணி துவைக்கும் அறையில் விளக்கடியில் வளர்ந்தன. தினமும் ராத்திரி ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் அக்கா அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்து, அரைமணி நேரம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் பேப்பரை வைத்துக்கொண்டு அவர் கேட்டுக்கொண்டிருப்பார். என்னோடு பேசிப் பலனில்லை என்று கோழியோடு பேசுகிறாள் என நினைத்துக்கொள்வார். அவள் கோழிக்குத் தூங்கும் நேரத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இருட்டாத ஊரில் கோழிக்கு இருட்டு என்பது ஒரு மனுஷக் குரல்தான்.

இரண்டாவது வந்தது. மூன்றும் நாலும் சேர்ந்து வந்தன. ரோவன் மரத்திலிருந்தவை சிறகடித்து இறங்கும் சத்தம் கேட்டது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஏழு குஞ்சு உள்ளே வந்தபோது பேச்சு தீர்ந்துவிட்டது. அவரிடம் அவ்வளவுதான் இருந்தது. ஓரத்தில் இருந்தது வாசலைப் பார்த்தது. பதறிப்போய்க் கடலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வடக்கு முனையிலிருந்து வரிசையாக, எந்தத் திட்டில் கைவிரித்த கணக்கில் எத்தனை பாகம் ஆழம், எந்த மாதத்தில் எந்த மீன், எங்கே நங்கூரம் பிடிக்கும், எங்கே பிடிக்காது. அக்காவுக்குக்கூட ஒருநாளும் சொன்னதில்லை. அவள் கேட்டிருக்கிறாள். “போனியே, எப்படி இருந்துச்சு?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். “இருந்துச்சு” என்பார்.

தெற்குத் திட்டுக்கு வந்தபோது எட்டாவது வந்தது. வலையில் சிக்கியது கடைசி. அது வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றது. மன்னிப்புக் கேட்பது போலக் குரலை இன்னும் தாழ்த்தி, பதினெட்டுப் பாகம், மணல், நல்ல நங்கூரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தது. கழியில் ஏறாமல் அவர் மடியில் ஏறி, கோட்டின் மடிப்புக்குள் உட்கார்ந்துகொண்டது.

கையை நீட்டி, ஆணியிலிருந்த விளக்கைத் திரியிறக்கி அணைத்தார். மெல்ல எழுந்துபோய்க் கதவை மூடிவிட்டு வெளியேறிவிடலாம் என்று எண்ணினார். மடியில் இருந்ததன் கண் இன்னும் முழுதாக மூடவில்லை. கொஞ்சம் போகட்டும் என்று காத்திருந்தார்.

வெளியே புல்லில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. யோருன். வரவேண்டாம் என்றால் கேட்கிற வழக்கம் அவளுக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. முற்றத்தைச் சுற்றினாள். ரோவன் மரத்தடியில் நின்றாள். அறுந்த வலை கிடந்த இடத்தில் கொஞ்சம் அதிகநேரம் நின்றாள். பிறகு சமையலறைக் கதவை ஒருமுறை தட்டினாள். பதில் வராததால் அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்திருப்பாள். கொட்டகைக்கு வந்தாள். எட்டிப் பார்க்கவில்லை, பார்த்தால் குஞ்சு கலையும் என்று அவளுக்குத் தெரியும். வாசலில் நின்று காதைக் கொடுத்தாள். உள்ளே கழியில் நகங்கள் சரிசெய்துகொள்ளும் சின்னச் சத்தம்.

நான் உள்ளே இருக்கிறேன் என்று சொல்ல இங்வால்ட் வாயைத் திறந்தார். மடியில் இருந்த குஞ்சு தலையைத் தூக்கியது. வாயை மூடிக்கொண்டார்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. வெளியே கொக்கி விழுந்தது. அந்த மாதத்தில் தீவிலேயே இருட்டு இருந்தது அங்கே மட்டும்தான்.

“நல்லாத் தூங்குங்க” என்றாள் யோருன், பலகைக்கு அந்தப் பக்கம், தாழ்ந்த குரலில்.

பூட்ஸ் சத்தம் புல்லில் போய் நின்றுபோயிற்று. குஞ்சு தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டது. இங்வால்டுக்கு இடது கால் மரத்துக்கொண்டு வந்தது. அவர் அதை அசைக்கவில்லை.